பின்னாடி வந்த நீள ஹாரன்: சரே கிராமத்து ரோட்டுல நடந்த ஒரு சம்பவம், நிகழ்வு ஆய்வு

நாங்க கூட்டமா சைக்கிள் ஓட்டிட்டு போறப்ப பின்னாடி வந்த ஒரு கார் நீளமா ஹாரன் அடிச்சு, எங்கள்ல ஒரு அக்கா விழுந்து கை உடைஞ்ச கதை இது. இத எழுதுறதுக்கு அடிபட்ட அக்காவும் சம்மதிச்சாங்க, கார் ஓட்டிட்டு வந்த தம்பியும் சம்மதிச்சாரு. ரெண்டு பேருமே கேட்டது ஒண்ணு தான், பேரு வேணாம், கார் என்ன கார்னு வேணாம், எந்த ரோடுன்னும் வேணாம். அதனால அதெல்லாம் விட்டுட்டு மீதிய நடந்த வரிசையில எழுதுறேன். இங்கிலாந்துல கார் ஓட்டுற நம்மாளுங்களும் சைக்கிள் ஓட்டுற நம்மாளுங்களும் படிக்கணும்னு தான் தமிழ்லயே எழுதுறேன்.

## பின்னணி

லண்டனுக்கு தென்மேற்கு பக்கம் இருக்கிற தமிழ் ஆளுங்க கொஞ்ச பேரு ஞாயித்துக்கிழமை காலையில சேர்ந்து சைக்கிள் ஓட்டுறோம். கிளப்புன்னு பதிவெல்லாம் பண்ணல, ஒரு வாட்ஸ்அப் குரூப் அவ்ளோ தான். ஐடி வேலை பாக்குறவங்க, நர்ஸ், கடை வச்சிருக்கிறவங்க, தொண்ணூறுகள்ல யாழ்ப்பாணத்துல இருந்து வந்து இங்கயே இருக்கிற ஒரு அண்ணா, இப்படி கலவையான கூட்டம். கிங்ஸ்டன் பக்கம் கிளம்பி லெதர்ஹெட் தாண்டி சரே மாவட்டத்து மலைப் பகுதியான சரே ஹில்ஸுக்குள்ள போயிட்டு மதியத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடுவோம்.

அந்த ஏரியா சைக்கிள்காரங்களுக்கு கோயில் மாதிரி. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் ரோடு ரேஸ் அங்க இருக்கிற பாக்ஸ் ஹில் மலை வழியா தான் போச்சு, அதுக்கப்புறம் வார கடைசியில கூட்டம் இன்னும் ஜாஸ்தி. அங்கயே குடியிருக்கிறவங்களுக்கு எரிச்சலும் ஜாஸ்தி, அது நியாயம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு ஞாயிறும் கடைக்கு போறப்ப முன்னாடி சைக்கிள் கூட்டம் இருந்தா யாருக்கா இருந்தாலும் கடுப்பாகும். ரோடு எல்லாம் குறுகலு, ரெண்டு பக்கமும் ஆளுயர புதர் வேலி, நடைபாதை கிடையாது, ஆனா போர்டு பாத்தா வேக வரம்பு மணிக்கு 60 மைல்.

ரெண்டு ரெண்டு பேரா பக்கத்துல பக்கத்துல ஓட்டுறது தப்புன்னு இங்க நிறைய பேர் நம்புறாங்க, நம்மாளுங்களும் தான். தப்பில்ல. பிரிட்டனோட ரோடு விதிப் புத்தகமான ஹைவே கோடுல விதி 66, 2022 ஜனவரி 29ல மாத்தி எழுதினதுல, ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல போலாம், பெரிய குழுவா இருந்தாலோ சின்ன பசங்களோ அனுபவம் கம்மியானவங்களோ கூட இருந்தாலோ அது தான் பாதுகாப்பா இருக்கும்னு சொல்லுது. அதே விதி இன்னொண்ணும் சொல்லுது, பின்னாடி வண்டி இருக்கான்னு பாத்துக்கோ, பாதுகாப்புன்னு உனக்கு தோணுற இடத்துல ஒத்தை வரிசையா மாறியோ நின்னோ முன்ன போக விடு. இந்த ரெண்டாவது பாதிய சைக்கிள்காரங்க படிக்கிறதில்ல, முதல் பாதிய கார்காரங்க படிக்கிறதில்ல.

கார்காரங்களுக்கு விதி 163. மணிக்கு 30 மைல் வரைக்கும்னா சைக்கிளுக்கு கொறஞ்சது 1.5 மீட்டர் இடைவெளி விட்டு தாண்டணும், வேகம் கூடினா இன்னும் ஜாஸ்தி விடணும். ஹாரனுக்கு விதி 112, நான் இங்க இருக்கேன்னு மத்தவங்கள எச்சரிக்க வேண்டிய அவசியம் இருந்தா மட்டும் தான் அடிக்கணும், கோவத்த காட்ட அடிக்கவே கூடாது.

## அன்னைக்கு காலையில

செப்டம்பர் மாசம், மழை இல்ல, ரோடு காஞ்சிருந்துச்சு, வெயில் சாய்வா மூஞ்சில அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எட்டு பேரு, நாலு ஜோடி. முன்னாடி லீடர், அவர் பக்கத்துல ஒரு புது ஆளு. ரெண்டாவது ஜோடி ஒரு அப்பாவும் அவரோட 14 வயசு பையனும், பையன் இடது பக்கம் ஓரமா, அப்பா வெளிப்பக்கம். மூணாவது ஜோடில யாழ்ப்பாணத்து அண்ணா ஓரமா, அக்கா வெளிப்பக்கம். அக்காவுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஸ்கூல் படிக்கும்போது ஓட்டினது தான், அதுக்கப்புறம் அந்த வருஷம் தான் திரும்ப ஆரம்பிச்சாங்க. நானும் இன்னொருத்தரும் கடைசி ஜோடி. என் சீட்டுக்கு கீழ பின்பக்கம் பாக்குற கேமரா, பக்கத்துல வந்தவரோட ஹெல்மெட்ல முன்பக்கம் பாக்குற கேமரா. இந்த ரெண்டு வீடியோவும் இருந்ததால தான் இதெல்லாம் இவ்ளோ தெளிவா எழுத முடியுது.

லேசான ஏத்தம், மணிக்கு 15 மைல் வேகம் இருக்கும். ஒரு சந்திப்பு தாண்டினதும் பின்னாடி ஒரு சின்ன ஹேட்ச்பேக் வந்து சேந்துச்சு. முன்னாடி இடது பக்கமா ஒரு வளைவு, அதுக்கு கொஞ்சம் முன்னாலயே நடு ரோட்டுல ரெட்டை வெள்ளைக்கோடு ஆரம்பிக்குது. வளைவு தாண்டினா நல்லா நேரா ரோடு, இடது பக்கம் ஒரு வயல் கேட்டு, அங்க வழி விடலாம்னு லீடர் மனசுல முடிவு பண்ணிட்டாரு. வளைவுக்கு முன்னாடி ஒத்தை வரிசையா மாறினா பின்னாடி இருக்கிறவரு "வழி விட்டுட்டாங்க"ன்னு நெனச்சு அங்கயே தாண்ட பாப்பாரு, அதனால அப்ப மாறக்கூடாதுன்னு அவரோட கணக்கு. அந்த கணக்கு சரி தான்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

கார் கொஞ்ச நேரம் ஒழுங்கா இடைவெளி விட்டு வந்துச்சு. அப்புறம் கிட்ட வந்து ரெண்டு சின்ன ஹாரன், பீப் பீப்னு. லீடர் திரும்பாம வலது கைய நீட்டி உள்ளங்கை கீழ பாக்குற மாதிரி மேலயும் கீழயும் அசைச்சாரு, "மெதுவா, இருங்க"ன்னு அர்த்தம். சில செகண்டுல கார் வலது பக்கம் வெளிய வந்துச்சு, ரெட்டைக்கோட்டு மேல ஏறி, என் பக்கத்துல இருந்தவருக்கு நேரா வர்றப்ப ஹாரன அழுத்தி புடிச்சுட்டாரு. ரெண்டு செகண்டுக்கு மேல இருக்கும் அந்த சத்தம்.

அக்கா வலது தோளுக்கு மேல திரும்பி பாத்தாங்க. திரும்பி பாக்கும்போது சைக்கிளும் அந்த பக்கமே இழுக்கும், பழகினவங்களுக்கு அது தெரியும், கைய தளர்த்தி விட்டுட்டு பாப்பாங்க, பழகாதவங்க ஹேண்டில்பார இறுக்கி புடிச்சுக்குவாங்க. அக்கா வலது பக்கம் ஒரு அடி போயி, பக்கத்துலயே கார் கதவு தெரியவும் பயந்து இடது பக்கம் வெட்டினாங்க, ஹேண்டில்பார் யாழ்ப்பாணத்து அண்ணாவோட ஹேண்டில்பார்ல மாட்டிக்கிச்சு. அண்ணா புதருக்குள்ள, அக்கா ரோட்டுல, இடது கைய ஊனி விழுந்தாங்க. நாங்க பிரேக் புடிச்சு அவங்க மேல ஏறாம நின்னது அதிர்ஷ்டம்.

முன்னாடி என்ன ஆச்சுன்னா, அதே நேரத்துல வளைவுல இருந்து ஒரு வேன் வந்துடுச்சு. கார் தாண்டி முடிக்கல, வேற வழியில்லாம இடது பக்கம் வெட்டி லீடருக்கு முன்னாடி நொழஞ்சுச்சு. லீடர் பிரேக், அப்பா பிரேக், பையனோட முன் சக்கரம் அப்பாவோட பின் சக்கரத்த உரசி நின்னுச்சு. பையன் விழல. வேன் நிக்காம போயிடுச்சு, அவருக்கு பின்னாடி ஆள் விழுந்ததே தெரிஞ்சிருக்காது.

கார் நின்னுச்சு. அந்த வயல் கேட்டுல ஓரம் கட்டிட்டு ஓட்டினவர் ஓடி வந்தாரு, முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். நாங்க தமிழ்ல கத்திக்கிட்டு இருந்தத கேட்டதும் அவர் மூஞ்சி மாறின விதம் எனக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு. "அண்ணா, என்னாச்சுங்கண்ணா, நான் தொடவே இல்லயேண்ணா"ன்னாரு. கோயம்புத்தூர் பக்கத்துக்காரரு, கார்ல மனைவியும் ரெண்டு குழந்தைங்களும், பாக்ஸ் ஹில் பாக்கலாம்னு கிளம்பி வந்திருக்காங்க.

## அங்கயே எடுத்த முடிவுகள்

யாழ்ப்பாணத்து அண்ணா புதருக்குள்ள இருந்து எழுந்து வந்தவுடனே, கை கால் எல்லாம் கீறல், அவர் சொன்ன முதல் வார்த்தை "அவாவை தூக்காதேங்கோ". அது தான் அன்னைக்கு எடுத்ததுலயே நல்ல முடிவு. நாலு பேரும் அக்கா கைய புடிச்சு தூக்க போயிட்டாங்க. தலை அடிபட்டுச்சா, கழுத்து வலிக்குதா, கால் விரல அசைக்க முடியுதான்னு கேட்டு, அப்புறம் தான் மெதுவா உக்கார வச்சோம். இடது மணிக்கட்டு அதுக்குள்ளயே வீங்கி கோணலா தெரிஞ்சுது. எங்க குரூப்ல இருக்கிற நர்ஸ் அன்னைக்கு வரல, போன்ல கூப்பிட்டு கேட்டோம், மயக்கம் இல்ல, விரல்ல உணர்ச்சி இருக்குன்னா கைய கட்டி நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்கன்னாங்க. ரெண்டு பேரு ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நடந்து போயி வர்ற வண்டிய மெதுவாக்கினாங்க.

கார் தம்பி "நான் ஹாஸ்பிட்டல் கூட்டிட்டு போறேன்"னாரு. கார்ல இடம் இல்ல, அதோட அக்காவுக்கு அந்த கார்ல ஏற மனசு வரல, அத மதிச்சு லீடரோட மனைவிய கார் எடுத்துட்டு வர சொன்னோம்.

அப்ப பையனோட அப்பாவுக்கும் கார் தம்பிக்கும் வாக்குவாதம். அப்பா நடுங்கிக்கிட்டு இருந்தாரு, கோவத்துல பாதி, பயத்துல பாதி. தம்பி "நான் திட்டி அடிக்கலண்ணா, வரேன்னு சொல்ல தான் அடிச்சேன், கொஞ்சம் ஓரம் போவீங்கன்னு நெனச்சேன்"னாரு. அப்பா கேட்டாரு, "ஓரம் எங்க தம்பி போறது, புதருக்குள்ளயா?" அதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல. அப்புறம் அவர் சொன்னது தான் எங்க எல்லாரையும் வாயடைக்க வச்சுது. "முன்னாடி இருந்த அண்ணன் கைய காட்டி போகச் சொன்னாருல்ல?"

பேரு, அட்ரஸ், வண்டி நம்பர், இன்சூரன்ஸ் விவரம் எல்லாம் வாங்கினோம், அவரும் தயங்காம குடுத்தாரு. இங்க சட்டப்படி, கார் நம்மள தொடலைன்னாலும், கார் அங்க இருந்ததால ஒருத்தருக்கு அடிபட்டா ஓட்டினவர் நின்னு விவரம் குடுத்தே ஆகணும், ரோடு ட்ராஃபிக் ஆக்ட் 1988, பிரிவு 170. இன்சூரன்ஸ் சர்டிபிகேட்ட அங்கயே காட்ட முடியலன்னா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல சொல்லணும். "தொடவே இல்லயே"ன்னு போயிருந்தா அவருக்கு இத விட பெரிய பிரச்சனை ஆகியிருக்கும். நின்னது அவரோட நல்ல மனசு, அது அவருக்கு சட்டத்துலயும் உதவுச்சு.

## வீடியோல தெரிஞ்சது

ரெண்டு வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டு நாங்க நாலு பேரு உக்காந்து பாத்தோம். மூணு விஷயம் தெளிவா தெரிஞ்சுது, அதுல ரெண்டு நாங்க எதிர்பார்த்தது இல்ல.

அக்கா தடுமாறினது கார் உள்ள வெட்டினதுக்கு முன்னாடி. அதாவது வேன் வந்ததுக்கும் அக்கா விழுந்ததுக்கும் சம்பந்தம் இல்ல. வேன் வராம இருந்திருந்தாலும் அக்கா விழுந்திருப்பாங்க. விழ வச்சது அந்த நீள ஹாரனும், கார் எவ்ளோ கிட்ட இருந்துச்சுன்னு திரும்பின உடனே தெரிஞ்சதும் தான். எங்க ஜோடிக்கும் காரோட சைடு கண்ணாடிக்கும் நடுவுல வீடியோல பாத்தா ஒரு முழம் இருந்தா ஜாஸ்தி.

அடுத்தது அந்த கை சைகை. ஊர்ல லாரிக்காரரு, பஸ்காரரு ஜன்னல் வழியா வலது கைய வெளிய போட்டு முன்னும் பின்னும் வீசினா "நீ போ"ன்னு அர்த்தம், அத பாத்து தான் நம்ம எல்லாரும் ஓவர்டேக் பண்ணி வளர்ந்தோம். லீடர் காட்டினது மேலயும் கீழயும் அசைக்கிற "மெதுவா" சைகை. ஆனா ஏத்தத்துல பெடல் மிதிச்சுக்கிட்டே, உடம்பு ஆடிக்கிட்டே, ஒரு கையால அத பண்ணும்போது பின்னாடி இருந்து அது வீசுற மாதிரி தான் தெரியுது. வெயில் வேற கார் தம்பி கண்ணுக்கு நேரா. பின்பக்க வீடியோல, லீடர் கைய அசைச்ச உடனே கார் வெளிய வர ஆரம்பிக்குது. அந்த தம்பி பொய் சொல்லல. வழி குடுத்துட்டாங்கன்னு நம்பி, தாண்டும்போது "வந்துக்கிட்டு இருக்கேன்"னு நம்ம ஊர் வழக்கப்படி ஹாரன அழுத்திட்டே வந்திருக்காரு. பத்து வருஷம் கோயம்புத்தூர்லயும் ஊட்டி மலை ரோட்டுலயும் ஓட்டினவரு. அங்க லாரிக்கு பின்னாடியே "ஒலி எழுப்பவும்"னு எழுதியிருக்கும், கொண்டை ஊசி வளைவுல ஹாரன் அடிக்கலைன்னா தான் தப்பு. இந்தியாவுலயும் மோட்டார் வாகன சட்டத்தோட 2019 திருத்தத்துல தேவையில்லாம ஹாரன் அடிச்சா 1000 ரூபா அபராதம்னு 194எஃப் பிரிவு வந்துச்சு, ஆனா கை பழக்கம் சட்டத்த பாத்து மாறுறதில்ல. அவர் இங்க டெஸ்ட் எழுதி பாஸ் பண்ணி தான் லைசென்ஸ் வாங்கியிருக்காரு, கேள்வி கேட்டா விதிய சொல்லுவாரு.

மூணாவது தான் எனக்கு முக்கியம், ஏன்னா "ஒத்தை வரிசையா போயிருந்தா இது நடந்திருக்காதே"ன்னு எங்க வீட்டுலயே கேட்டாங்க. கணக்கு போட்டு பாத்தோம். ஒரு சைக்கிள் நீளம் 1.75 மீட்டர், நடுவுல ஒன்றரை மீட்டர் இடைவெளின்னு வச்சுக்கிட்டா எட்டு பேரு ஒத்தை வரிசையில கிட்டத்தட்ட 25 மீட்டர், ஜோடியா போனா 12 மீட்டர் கூட இல்ல. சைக்கிள் 15 மைல்ல போகுது, கார் 30 மைல்ல தாண்டுது, முன்னாடி பின்னாடி பத்து பத்து மீட்டர் விட்டு வெளிய வந்து உள்ள போகுதுன்னா, ஜோடியா இருந்தா அஞ்சரை செகண்டு, அந்த நேரத்துல கார் 70 மீட்டருக்கு மேல ஓடியிருக்கும். ஒத்தை வரிசைன்னா ஏழு செகண்டுக்கு மேல, கிட்டத்தட்ட 100 மீட்டர். எதிர்ல 40 மைல்ல வேன் வருதுன்னா அது ஓடுற தூரத்தையும் சேக்கணும், ஜோடிக்கு 170 மீட்டர், ஒத்தை வரிசைக்கு 230 மீட்டர் ரோடு காலியா தெரியணும். எல்லாம் தோராயம் தான். ஆனா அந்த இடத்துல வளைவு வரைக்கும் தெரிஞ்சது 80 மீட்டர் இருந்தா ஜாஸ்தி. ரெண்டு விதத்துலயும் முடியாது, ஒத்தை வரிசையில இன்னும் மோசம்.

"ஒத்தையா போனா அகலம் மிச்சமாகுமே"ன்னும் கேக்கலாம். ஒரு லேன் மூணு மீட்டர். ஓரத்துல இருந்து அரை மீட்டர் தள்ளி ஓட்டுறவரோட வெளி விளிம்பு ஒரு மீட்டர் கிட்ட வந்துடும், அதுக்கு மேல 1.5 மீட்டர் இடைவெளி, அதுக்கு மேல கண்ணாடியோட சேத்து கார் 2 மீட்டர். நாலரை மீட்டர் ஆச்சு. ஒரே ஒரு சைக்கிளா இருந்தாலும் சரியா தாண்டணும்னா எதிர் லேனுக்கு போயே ஆகணும், எதிர் லேன் காலியா இருந்தா ஜோடியா இருந்தாலும் தாண்டலாம், காலியா இல்லன்னா ஒத்தையா இருந்தாலும் தாண்டக்கூடாது. அந்த ரெட்டைக்கோட்டுக்கும் இதே கதை தான், விதி 129 படி நம்ம பக்கத்து கோடு விடாம போட்டிருந்தா, சைக்கிள தாண்ட அந்த கோட்ட கடக்கணும்னா, சைக்கிள் 10 மைல் அல்லது அதுக்கும் கம்மியா போகணும், ரோடும் காலியா இருக்கணும். நாங்க 15ல போயிக்கிட்டு இருந்தோம்.

## போலீஸ்ல ரிப்போர்ட் பண்றதா வேணாமா

இதுல தான் குரூப்புக்குள்ள பெரிய சண்டை. "நம்ம ஊரு பையன், மன்னிப்பு கேட்டுட்டான், விட்டுடலாம்"னு ஒரு கூட்டம். அவர் லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆகல, முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள 6 பாயிண்ட் (தப்பா ஓட்டினதுக்கு லைசென்ஸ்ல ஏத்துற புள்ளி) ஏறினா லைசென்ஸ் ரத்தாயிடும், திரும்ப முதல்ல இருந்து டெஸ்ட் எழுதணும். கவனக்குறைவா ஓட்டினதுக்கு 3ல இருந்து 9 பாயிண்ட் வரைக்கும் போடலாம். வேலைக்கு கார்ல தான் போறாரு, சின்ன குழந்தைங்க. இந்த வாதத்துல உண்மை இருக்கு.

இன்னொரு பக்கம், வெள்ளைக்காரர் ஓட்டியிருந்தா அன்னைக்கு சாயங்காலமே வீடியோ அனுப்பியிருப்போம் தானே, நம்மாளுன்னா மட்டும் ஏன் யோசிக்கிறோம்னு பையனோட அப்பா கேட்டாரு. அதுக்கு யாராலயும் நேரா பதில் சொல்ல முடியல.

கடைசியில அக்கா சொன்னத தான் எடுத்துக்கிட்டோம். மணிக்கட்டு எலும்பு உடைஞ்சு கட்டு போட்டிருந்தாங்க. "எனக்கு அந்த தம்பி மேல கோவம் இல்ல. ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எழுத்துல இருக்கணும். நீங்க அனுப்புங்க, அவர்கிட்ட சொல்லிட்டு அனுப்புங்க"ன்னாங்க. லீடர் தம்பிக்கு போன் பண்ணி சொன்னாரு. அவர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "சரிங்கண்ணா, நானும் சொல்லணும்ல"ன்னாரு.

இதுல ஒரு நடைமுறை விஷயம். இந்த மாதிரி குற்றத்துக்கு, வழக்கு வரலாம்னு சொல்ற போலீஸ் நோட்டீஸ் பொதுவா 14 நாளுக்குள்ள வண்டி யார் பேர்ல பதிவாகியிருக்கோ அவருக்கு போகணும், ஆக்சிடெண்ட் ஆனா அதுக்கு விலக்கு இருந்தாலும் அத நம்பி தள்ளி போடாதீங்க, அடுத்த ரெண்டு மூணு நாள்ல அனுப்பிடுங்க. வீடியோவ வெட்டாம, சம்பவத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கிறதோட சேத்து அனுப்புங்க, நம்ம பக்கம் ஏதாவது சரியில்லன்னாலும் அதுவும் அதுல இருக்கட்டும். நாங்க லீடரோட கை சைகை பத்தியும் எழுதி தான் அனுப்பினோம். அத சொல்லலைன்னா அந்த தம்பி மொரடனா தான் தெரிவாரு, அது உண்மை இல்ல. யூடியூப்லயோ ஃபேஸ்புக்லயோ போட கூடாதுன்னும் முடிவு பண்ணோம், கேஸ் பாதிக்கும்னு ஒண்ணு, ரெண்டு குடும்பத்து குழந்தைங்க அதுல இருக்காங்கன்னு இன்னொண்ணு. ஒருத்தர் ஏற்கனவே ஸ்டேட்டஸ்ல போட்டுட்டாரு, எடுக்க வச்சோம்.

## அதுக்கப்புறம்

போலீஸ் அக்காகிட்டயும் எங்ககிட்டயும் வாக்குமூலம் வாங்கினாங்க. கவனக்குறைவா ஓட்டினதுன்னு எடுத்துக்கிட்டு, கோர்ட்டுக்கு போகாம ஓட்டுநர் பயிற்சி கோர்ஸுக்கு போக வாய்ப்பு குடுத்தாங்க, அவர் போயிட்டு வந்தாரு, பாயிண்ட் ஏறல. எங்க குரூப்ல இது கம்மின்னு சொன்னவங்க உண்டு. எனக்கு இது பொருத்தமா தான் பட்டுச்சு, அவர்கிட்ட இருந்த குறை திமிர் இல்ல, பழக்கம். பழக்கத்த மாத்துறதுக்கு பயிற்சி தான்.

அக்காவுக்கு ஆறு வாரம் கட்டு, அதுக்கப்புறம் பிசியோ. கட்டு பிரிச்சும் ரொம்ப நாள் இடது கையால பிரேக் லீவர அழுத்தி புடிக்க முடியல. வசந்த காலத்துல திரும்ப ஓட்ட ஆரம்பிச்சாங்க, ஆனா ரிச்மண்ட் பார்க்குக்குள்ள கார் வராத டாம்சின் ட்ரெயில்ல மட்டும். ரோட்டுக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டாங்க, பின்னாடி ஒரு ஹாரன் கேட்டா இன்னமும் கை இறுகிடுதுங்கிறாங்க. வற்புறுத்தல.

நவம்பர்ல ஒரு காரியம் பண்ணோம். வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் 2016ல சாதா உடுப்புல சைக்கிள் ஓட்டிக்கிட்டு போயி, ஒட்டி தாண்டுற கார்காரங்கள நிறுத்தி, தரையில ஒரு பாய விரிச்சு எவ்ளோ இடம் விடணும்னு காட்டினாங்க, அத பத்தி ஊரெல்லாம் பேச்சு. அதே யோசனைய எடுத்து, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காலியா கிடந்த ஒரு கார் பார்க்குல, அனுமதி வாங்கிட்டு, சாக்பீஸ்ல மூணு மீட்டர் லேன் வரைஞ்சு, சைக்கிள நிக்க வச்சு, 1.5 மீட்டர் கோடு போட்டு, எங்க வீட்டு ஆளுங்கள கார்ல உக்கார வச்சோம். எங்க குரூப்ல முக்கால்வாசி பேரோட கணவனோ மனைவியோ தினமும் கார் ஓட்டுறவங்க. அந்த தம்பியும் மனைவியோட வந்தாரு, யாரும் கூப்பிட்டு வற்புறுத்தல.

அதுல பெருசா வேலை செஞ்சது கோடு இல்ல, ஹாரன் தான். ஒவ்வொருத்தரும் கண்ணாடிய ஏத்திட்டு உள்ள உக்காந்து அழுத்தினாங்க, சத்தம் ஏதோ தூரத்துல கேக்குற மாதிரி இருக்கும். அப்புறம் அவங்களையே வெளிய ஹெல்மெட் போட்டு சைக்கிள்ல ஒரு கால் ஊனி, காருக்கு முன்னாடி நாலு மீட்டர்ல முதுக காட்டி நிக்க சொல்லி, எப்பன்னு சொல்லாம அடிச்சோம். நின்ன இடத்துலயே எல்லாரும் துள்ளினாங்க. லீடரோட மனைவிக்கு கையில இருந்த சைக்கிள் கீழ விழுந்துடுச்சு. அந்த தம்பி ஒரு தடவ போதும்னுட்டு ஓரமா போயி நின்னுட்டாரு. "உள்ள இருந்து இப்படி தெரியலயே"ன்னு மனைவிகிட்ட திரும்ப திரும்ப சொல்லிக்கிட்டு இருந்தாரு.

## என்ன மாத்தினோம்

ரைடு போகும்போது கார்காரங்களுக்கு கை காட்டுறத நிறுத்திட்டோம். "போ"ன்னும் இல்ல, "இரு"ன்னும் இல்ல. தாண்டலாமா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது ஸ்டியரிங் புடிச்சிருக்கிறவரு, நம்ம கைய பாத்து ஒருத்தர் முடிவு பண்ற நிலைமையே வரக்கூடாது. வழி விடுறதா இருந்தா சைக்கிள தான் நகத்தணும், நல்ல இடத்துல முழுசா ஒத்தை வரிசையாகணும், இல்லன்னா கேட்டு பக்கம் ஒதுங்கி நிக்கணும். பின்னாடி மூணு வண்டிக்கு மேல சேர விடுறதில்ல, அந்த விஷயத்துல நாங்க முன்னாடி கொஞ்சம் மெத்தனமா தான் இருந்தோம்.

குரல் குடுக்கிறதும் மாறுச்சு. முன்னாடி "கார் அப்"னு கத்துவோம், எங்கள்ல பாதி பேருக்கு அது பின்னாடி வர்ற வண்டி, வேற கிளப்புல பழகிட்டு வந்த பாதி பேருக்கு அது முன்னாடி வர்ற வண்டி. இப்ப "பின்னாடி வண்டி", "முன்னாடி வண்டி", "ஒத்தை", அவ்ளோ தான். கடைசி ஜோடி சொன்னா மத்தவங்க யாரும் திரும்பி பாக்க கூடாது, கடைசி ஆளு பாத்துக்குவாரு. புதுசா வர்றவங்களுக்கு ஓர பக்கம் தான் இடம், ஹேண்டில்பார்ல இருந்து ஒரு கை எடுத்து திரும்பி பாத்து நேரா ஓட்ட வந்தா தான் வெளிப்பக்கம். ஆறு பேருக்கு மேலன்னா ரெண்டு குழுவா பிரிஞ்சு, நடுவுல ஒரு கார் வந்து நுழையுற அளவுக்கு நல்லா இடம் விட்டு போறோம்.

கார் ஓட்டுற நம்மாளுங்களுக்கு நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. முன்னாடி சைக்கிள் போறது உங்களுக்கு தெரியுது, நீங்க வர்றது டயர் சத்தத்துலயே அவங்களுக்கும் தெரியும். அந்த இடத்துல ஹாரனுக்கு வேலையே இல்ல, "வரேன்"னு பாசமா அடிச்சாலும் முதுகுல வாங்குறவங்களுக்கு அது அடி தான். ரோடு தெரியுற வரைக்கும் பின்னாடியே வாங்க. அன்னைக்கு அந்த வயல் கேட்டுக்கு போக எங்களுக்கு இன்னும் அரை நிமிஷம் கூட ஆகியிருக்காது.

இன்சூரன்ஸ் பக்கம் இன்னும் முடியல. அக்காவோட சைக்கிள் ரிப்பேருக்கு பணம் வந்துடுச்சு, கைக்கான இழப்பீடு பேச்சு நடந்துக்கிட்டு இருக்கு. இங்க உடம்புக்கு பட்ட காயத்துக்கு பொதுவா மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், அதனால அடிபட்டவங்க "பாத்துக்கலாம்"னு விட்டுடாதீங்க, டாக்டர் பேப்பர், பிசியோ பில்லு, லீவு போட்ட நாள் எல்லாத்தையும் முதல் நாள்ல இருந்தே எடுத்து வைங்க. பையனோட அப்பா அந்த ரோட்டுக்கு இன்னும் பையன கூட்டிட்டு வரல, அடுத்த கோடையில பாக்கலாம்னு சொல்லியிருக்காரு.